ஈஸ்டர் மிட்டாய்க்குக் கூம்பா, தலையணை டப்பாவா, கூடையா?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பாதி தாண்டியதும் எனக்கு ஒரு போன் கட்டாயம் வரும். இந்த வருஷம் பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கோயிலில் பிள்ளைகளுக்குப் புதிதாக மறைக்கல்வி (ஞாயிறு வேத வகுப்பு) எடுக்கும் ஒரு பெண். "அக்கா, நாற்பத்தைந்து பிள்ளைங்க. மிட்டாய் போட்டுக் கொடுக்க ஏதாவது செய்யணும், கூடவே ஒரு வாழ்த்து அட்டையும். வீடியோவெல்லாம் பார்த்துப் பார்த்துக் குழம்பிட்டேன். எதைச் செய்றது?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "உள்ளே என்ன வைக்கப் போறே?"

அதை அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. பல பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அழகான வடிவத்தைப் பார்த்துத் தாளை வாங்கி, வெட்டி, ஒட்டி முடித்த பிறகு, வாங்கி வந்த மிட்டாய் அதற்குள் போகாது. போனால் கீழே பிய்த்துக்கொண்டு வரும். முதலில் தீனி, அப்புறம் எத்தனை கைகள் உதவிக்கு இருக்கின்றன என்பது, அதற்கும் அப்புறம்தான் தாளும் வடிவமும். பன்னிரண்டு வருஷமாக எங்கள் பங்குக் கோயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்துவருகிறேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

தீனி. நம் ஊரில் ஈஸ்டர் என்றால் பேக்கரிகளில் மார்சிபன் முட்டை, அதாவது பாதாமையும் சர்க்கரையையும் அரைத்து முட்டை வடிவில் பிடித்த மிட்டாய். சென்னையில் பெரும்பாலும் பாதாமுக்குப் பதில் முந்திரியை அரைத்துத்தான் செய்கிறார்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், எண்ணெய் கசியும். கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் அப்படித்தான். காகிதம் சுற்றிய டாஃபி லேசானது, எந்தத் தாளுக்கும் அடங்கும். சாக்லேட் தனிக் கதை. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். ஏப்ரல் மதியத்தில் சென்னை வெயில் சர்வசாதாரணமாக அந்த அளவைத் தொடும்.

கொடுக்கும் நேரம். சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டர் இரவு வழிபாடு) முடிந்து கொடுக்கிறீர்களா, ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகா? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் விடியற்காலை ஆராதனை உண்டு, அப்போது கொடுத்தால் சாக்லேட்டும் தாங்கும். பத்து மணிப் பூசைக்குப் பிறகு என்றால் அதை மறந்துவிடலாம்.

கைகள். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிற்றிலும் வரலாம். 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. அதாவது பரீட்சைக் காலத்திலோ அதை ஒட்டியோ வந்து நிற்கும். உதவிக்கு வரும் பத்தாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் அந்தச் சமயம் கிடைக்க மாட்டார்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளின் கைக்கு வசப்படுகிற வேலையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் உங்கள் ஒருவர் தலையில் விழும்.

உணவுத் தொடர்பு. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்ற பழக்கத்தில் செய்தித்தாள் கூம்பு நமக்கெல்லாம் பிரியமான ஒன்று. ஆனால் அச்சு மை உணவில் ஒட்டக்கூடியது. செய்தித்தாளில் உணவு மடிக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்துவிட்டது. பிளாஸ்டிக் பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எனவே சுற்றாத மிட்டாய் எதுவானாலும் உள்ளே ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்துவிடுங்கள். மினுமினுப்புத் தூளைத் தீனி பக்கமே கொண்டுவர வேண்டாம். அது உதிர்ந்துகொண்டே இருக்கும்.

## அடுத்தது தாள்

கடையில் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று 5 கிராம், 250 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை ஒன்று சுமார் 15.6 கிராம்.

*சார்ட் தாள்* தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். மலிவு, எல்லா நிறமும் உண்டு, சின்னக் கத்தரிக்கோலுக்குப் படியும். கூம்புக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இதில் டப்பா செய்தால் பக்கங்கள் தொய்ந்துபோகும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்தச் சுருள் லேசில் விடாது. முந்தின இரவே பாய்க்கு அடியில் விரித்துப் போட்டுவிடுங்கள்.

*ஐவரி அட்டை*, 250 ஜிஎஸ்எம். டப்பாவுக்கும் கூடைக்கும் இதுதான். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. உயர்நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் தாள் கடைகளும் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில், வேண்டிய அளவுக்கே வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். இருபத்து மூன்று தாளை வீட்டில் ஸ்கேல் வைத்து வெட்டுவதற்கும், இயந்திரத்தில் ஒரே வெட்டாக வெட்டி வாங்கி வருவதற்கும் ஒரு முழு மாலைப்பொழுது வித்தியாசம்.

*கைவினைக் காகிதம்* அழகு. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி ஒவ்வொரு தாளாக வார்த்து எடுப்பது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பட்டறை 1959-இலிருந்து செய்துவருகிறது. விலை சார்ட்டைப் போலப் பல மடங்கு. ஸ்கெட்ச் பேனா பட்டால் மை பரவும், பென்சில்தான் நன்றாக எழுதும். டப்பாவுக்கு வேண்டாம். பாட்டிக்கோ, ஞானத்தாய்க்கோ, பங்குத்தந்தைக்கோ கொடுக்கும் ஒரே ஓர் அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆலைத் தாளானாலும் அதற்கு ஒரு நார்வாக்கு உண்டு. இயந்திரத்தில் ஓடும்போது நார்கள் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். தாளை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடித்தால் மடிப்பு வழவழவென்று விழும். மற்றப் பக்கம் மடித்தால் முதுகு வெடித்து, உள்ளிருக்கும் வெள்ளை நார் தெரியும். ஊதா அட்டையில் அது பளிச்சென்று கண்ணில் படும்.

இன்னொன்று, கெட்டி அட்டையை நேராக மடிக்கக் கூடாது. மை தீர்ந்த ரீஃபில் ஒன்றை எடுத்து, ஸ்கேலோடு ஒட்டி, கொஞ்சம் அழுத்தி ஒரே இழுப்பு. தாளில் நிறமில்லாத ஒரு பள்ளம் விழும், விரலால் தடவினால் தெரியும். அந்தக் கோட்டில் அட்டை தானாகவே மடங்கும். எங்கள் பிள்ளைகள் இதை 'வாய்க்கால் வெட்டுறது' என்பார்கள். வருஷமெல்லாம் தீர்ந்த ரீஃபில்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறேன்.

## கூம்பு

சதுரத் தாள் ஒன்றின் மூலையிலிருந்து கால் வட்டம் வரைந்து, வெட்டி, சுருட்டி ஒட்டினால் கூம்பு. ஆரம் எத்தனையோ, கூம்பின் வாய் ஏறக்குறைய அதில் பாதி. 18 செ.மீ. ஆரத்துக்கு ஒட்டும் விளிம்பு போக வாய் எட்டரை செ.மீ. வரும்.

18 என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண சார்ட் 56-க்கு 71 செ.மீ. இருக்கும். 20 செ.மீ. சதுரம் வெட்டினால் ஆறுதான் தேறும். 18 என்றால் ஒன்பது தேறும், மீதி 17 செ.மீ. பட்டையில் பெயர் எழுதும் சீட்டுகளும் வெட்டிக்கொள்ளலாம். நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குச் சரியாக ஐந்து சார்ட். இரண்டு செ.மீ. குறைத்ததில் மூன்று சார்ட் மிச்சம்.

ஏழு வயதுப் பிள்ளையும் தானே சுருட்டிவிடும். ஒன்றுக்கு நான்கு நிமிடம் போதும்.

மறைந்திருக்கும் செலவு இதுதான்: கூம்பு நிற்காது. கொடுக்கும் வரை கையிலேயே பிடித்திருக்க வேண்டும், இல்லை படுக்க வைக்க வேண்டும். அதற்காக ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு நிறுத்த வேண்டிவரும். வாயும் திறந்தே இருக்கும். கோயில் மண்டபத்தில் இரவு முழுக்க வைத்தால் எறும்பு வந்துவிடும். ஒருமுறை எங்களுக்கு அப்படி ஆகி, விடிகாலையில் அறுபது கூம்பையும் பிரித்துத் தட்டினோம். அதற்குப் பிறகு, கூம்பு என்றால் தீனியைக் காலையில்தான் போடுவது. மேசைக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பாட்டி காலத்து வழியும் உண்டு, பலன் கொடுக்கிறது.

டாஃபி, சுற்றிய தேன் மிட்டாய், பாப்கார்ன் போன்ற லேசான தீனிக்கும், பிள்ளைகள் எண்ணிக்கை அதிகமாகவும் நேரம் ஒரே ஒரு ஞாயிறு வகுப்பாகவும் இருக்கும்போதும் கூம்பைத்தான் எடுக்க வேண்டும். மார்சிபன் முட்டைக்கு வேண்டாம், அடிமுனை அதன் எடையில் பிதுங்கும்.

## தலையணை டப்பா

இரண்டு முனையும் வளைந்து உள்ளே மூடிக்கொள்ளும் சின்னத் தலையணை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இது மூடுகிறது, எறும்புக்கு எளிதில் வழி விடாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டு போகலாம். பிள்ளை அதைத் திறக்கும்போது வளைவு 'டப்'பென்று வெளியே வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான்கு தடவை மூடி மூடித் திறப்பார்கள்.

ஒரு ஏ4-ஐப் பாதியாக வெட்டினால் இரண்டு டப்பா. பாதித் தாள் 21-க்கு 14.8 செ.மீ. இருக்கும். 21 செ.மீ. பக்கத்தின் ஒரு ஓரத்தில் 1.2 செ.மீ. ஒட்டுவதற்கு விட்டு, மீதியைச் சரிபாதியாக மடியுங்கள். ஒரு பக்கம் 9.9 செ.மீ. வரும். முனைகளின் வளைவுக்குக் காம்பஸ் வேண்டாம், டீ சாஸர் போதும். சுமார் 14 செ.மீ. அகலமுள்ள சாஸரை வைத்து உள்பக்கமாக ஒரு வளைவு ரீஃபிலால் கீறுங்கள். வெளிவிளிம்பையும் அதே சாஸரால் வரைந்து வெட்டிவிடுங்கள். மையத்தில் வளைவு 2 செ.மீ. ஆழம் வரும். முடிந்த டப்பா ஏறக்குறைய 10 செ.மீ. சதுரம். இரண்டு மார்சிபன் முட்டை, அல்லது ஆறேழு டாஃபி.

ஒன்றுக்கு ஏழு நிமிடம் ஆகும், அதில் ஐந்து நிமிடம் வளைவு கீறுவதற்கே. சின்னப் பிள்ளைகளால் அந்த வளைவைக் கீற முடியாது, ரீஃபில் வழுக்கும். பெரியவர்கள் இரண்டு பேர் முந்தின வாரமே கீறி, வெட்டி வைத்துவிட்டு, மடிப்பதையும் ஒட்டுவதையும் படம் வரைவதையும் பிள்ளைகளிடம் விட வேண்டும். இந்த முன்வேலைதான் இதன் மறைமுகச் செலவு.

படம் வரைவதை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். உப்பிய டப்பாமேல் ஸ்கெட்ச் பேனா அழுத்தினால் உள்ளே குழிந்துவிடும்.

## கூடை

ஏ4-இலிருந்து 21 செ.மீ. சதுரம் வெட்டி, 7 செ.மீ.க்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் ஒன்பது கட்டம். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு கட்டம் ஆழத்துக்கு நான்கு வெட்டு. மடித்து ஒட்டினால் 7 செ.மீ. பெட்டி, மீந்த பட்டையிலிருந்து 2 செ.மீ. அகலத்தில் கைப்பிடி. படத்தில் பார்க்க இதற்கு ஈடில்லை.

ஆனால் ஒன்றுக்குக் கால் மணி நேரம். நாற்பத்தைந்துக்குப் பதினோரு மணி நேரம் தாண்டும். கைப்பிடி ஒட்டிய இடம் காயும் வரை கிளிப் போட்டு வைக்க வேண்டும். குழந்தை ஆட்டி ஆட்டி நடந்தால் முதலில் பிரிவது அந்த இடம்தான். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் முடியாது, கைப்பிடி தடுக்கும். ஆட்டோவில் கொண்டு போக இரண்டு பெரிய அட்டைப்பெட்டி வேண்டும்.

வீட்டில் மூன்று நான்கு பிள்ளைகள் இருந்தால், அல்லது புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பத்துப் பேருக்கு மட்டும் என்றால் தாராளமாகக் கூடை செய்யுங்கள். உள்ளே ஜெராக்ஸ் தாளை மெல்லிய நாராக வெட்டிக் கூடு மாதிரி வைத்து, நடுவில் பட்டர் பேப்பரில் ஒரு மார்சிபன் முட்டை.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. மணப்பாடு போன்ற ஊர்களில் பின்னும் பனையோலைப் பெட்டி. ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சொல்லி வாங்கிவரச் செய்யலாம். குருத்தோலை ஞாயிறு முடிந்த கையோடு ஓலைப்பெட்டியில் மிட்டாய் கொடுப்பது பொருத்தமும்கூட, அடுத்த வருஷமும் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கும்.

## கடையில் வாங்கும் டப்பா

இருநூறு பேருக்கு மேல் என்றால் வாங்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தட்டையாக மடித்த வெள்ளை டப்பாக்களை வாங்கி, பிள்ளைகள் செய்த ஒரு சீட்டைக் கட்டினால் போதும்.

| | கூம்பு | தலையணை டப்பா | கூடை | கடை டப்பா |
|---|---|---|---|---|
| 45 பேருக்குத் தாள் | சார்ட் 5 | ஏ4 அட்டை 23 | ஏ4 அட்டை 45 | சீட்டுக்கு சார்ட் 1 |
| மொத்த நேரம் | 3 மணி | 5¼ மணி | 11¼ மணி | சீட்டு கட்டும் நேரம் |
| சின்னப் பிள்ளைகள் செய்வது | முழுவதும் | மடிப்பு, ஒட்டு, படம் | படம் மட்டும் | சீட்டு |
| மார்சிபன் முட்டை | தாங்காது | இரண்டு | ஒன்று, கூட்டோடு | டப்பாவைப் பொறுத்து |
| எறும்பு | எளிதில் வரும் | கஷ்டப்பட்டு வரும் | எளிதில் வரும் | கஷ்டப்பட்டு வரும் |
| பேருந்தில் கொண்டு போக | பரவாயில்லை | சுலபம் | சிரமம் | சுலபம் |

## இனி வாழ்த்து அட்டை

இங்கேயும் மூன்று வழி. எதைச் செய்தாலும், ஒருவர் எழுதுவதற்கு வெற்றிடம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். படம் முழுவதையும் அடைத்துக்கொண்ட அட்டையில் 'அன்புள்ள அத்தைக்கு' என்று எழுதக்கூட இடமிருக்காது.

ஒற்றை மடிப்பு அட்டை. பாதி ஏ4-ஐ மடித்தது. தவக்காலத்தில் கோயிலில் பெரும்பாலும் ஊதா, உயிர்ப்பு ஞாயிறன்று (ஈஸ்டர்) வெள்ளை. இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் வெளியே ஊதா, திறந்தால் உள்ளே வெள்ளை என்று செய்கிறோம். உள்ளே 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! அல்லேலூயா!' என்று அவரவர் கையெழுத்து. லில்லிப் பூ வரையச் சொல்லாதீர்கள், பாதிப் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. நந்தியாவட்டை வரையச் சொல்லுங்கள், வாசலில் இருப்பது, ஐந்து இதழ், வெள்ளை. 250 ஜிஎஸ்எம்மில் ஒரு அட்டை 8 கிராம்கூட வராது, உறையோடு சேர்த்தாலும் தபாலின் முதல் எடைப்படியான 20 கிராமுக்குள் அடங்கும். வெளியூருக்கு அனுப்ப இதுதான் சரி.

கல் உருளும் அட்டை. முன்பக்கம் இயேசுவின் கல்லறைக் குகை வரைந்து, வாசலை மறைக்கும் வட்டக் கல் ஒன்றைத் தனியாக வெட்டி, விளிம்பில் ஒரு சட்டைப் பட்டனை வைத்து நூலால் தைத்துவிடுவது. கல்லைத் தள்ளினால் விலகும், உள்ளே யாரும் இல்லை, மடித்து வைத்த துணி மட்டும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் தாங்களே செய்வார்கள். நூலை இறுக்கிக் கட்டினால் கல் நகராது. பட்டனுக்கும் தாளுக்கும் இடையில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, முடிச்சுப் போட்ட பிறகு உருவிவிடுங்கள், தேவையான தளர்வு கிடைத்துவிடும். ஈஸ்டர் என்றால் முயலும் முட்டையும் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, இந்தக் கல்லை ஒரு தடவை தள்ளிப் பார்ப்பதில் கதை புரிந்துவிடுகிறது. கையில் நேரடியாகக் கொடுக்கும் அட்டை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். உறைக்குள் பட்டன் துருத்தும், தபாலுக்கு வேண்டாம்.

எழும்பும் அட்டை. திறந்தால் உள்ளே ஏதாவது எழுந்து நிற்பது. உள்தாளின் மடிப்புக் கோட்டில் இணையாக இரண்டு வெட்டு, நடுப்பகுதியை உள்ளே தள்ளினால் ஒரு படி. அந்தப் படியில் வண்ணத்துப்பூச்சி ஒட்டலாம். இரண்டு அடுக்கு தேவை என்பதால் அட்டையே 15 கிராம் தாண்டும், உறையும் படமும் சேர்ந்தால் 20-ஐத் தொட்டுவிடும். நான்கில் ஒன்று கோணலாக மடிந்து வீணாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் தங்களுக்கென்று ஒன்று செய்ய நல்லது, மொத்தமாகச் செய்ய ஏற்றதில்லை.

## பசை

ஃபெவிகால் தண்ணீர்ப் பசை. கடற்காற்று ஈரத்தில் இங்கே காய நேரம் எடுக்கும். ஒருமுறை ஒட்டிய டப்பாக்களை ஈரம் போகாமல் அடுக்கி வைத்து, காலையில் ஒரே கட்டியாக எடுத்தோம். தாளிலும் சுருக்கம் விழும். ஒட்டும் ஓரத்துக்கு இரட்டைப் பக்க டேப் சுத்தம், உடனே பிடிக்கும். ஆனால் பின்தாளைப் பிரிக்கச் சின்ன விரல்கள் திணறும். பிள்ளைகளுக்குப் பசைக்குச்சி, கைப்பிடிக்கு மட்டும் ஃபெவிகால், பெரியவர்களுக்கு டேப் என்று பிரித்துக்கொண்டால் சண்டையில்லை.

பெரம்பூர்ப் பெண் கடைசியில் தலையணை டப்பாவும் ஒற்றை மடிப்பு அட்டையும் என்று முடிவெடுத்தாள். உள்ளே கடலை மிட்டாய், பட்டர் பேப்பரில் சுற்றியது. வளைவு கீற அவளும் அவள் அம்மாவும். தாள் வாங்கப் போகும் முன் ஒன்றே ஒன்று செய்யச் சொன்னேன். வீட்டிலிருக்கும் பழைய காலண்டர் அட்டையில் ஒரு டப்பா செய்து, அதே கடலை மிட்டாயை அதே எண்ணிக்கையில் போட்டு மூடி, ஒரு பகலும் ஓர் இரவும் அடுக்களை மேடையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலை படம் அனுப்பினாள். டப்பா நன்றாக நின்றது. அட்டையின் அடியில் கால் ரூபாய் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை. பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.